பாதி ஏட்டில், பாதி பாட்டியின் வாயில்: பழைய இசைக்கு உயிர் கொடுத்த ஹெஸ்பெரியோன் குழு

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பலருக்கும் ஒரு பாட்டாவது மனத்தில் தங்கியிருக்கும். தொட்டில் ஆட்டும்போது பாட்டி பாடிய தாலாட்டாக இருக்கலாம். சாவு வீட்டில் கேட்ட ஒப்பாரியாக இருக்கலாம். யார் கட்டிய பாட்டு, எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "எங்கம்மா பாடுவாங்க, அதைக் கேட்டு நானும் பாடுறேன்" என்றுதான் பதில் வரும்.

பாடிய வாய் மூடிவிட்டால் பாட்டும் போய்விடுமா? யாராவது அதை எழுதி வைத்திருந்தால், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நூறு ஆண்டுக்குப் பிறகு ஒருவர் அதே பாட்டைப் பாடிவிட முடியுமா?

இந்த இரண்டு கேள்விகளையும் கையில் எடுத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுக்கும் மேலாக உழைத்து வரும் இசைக்குழு ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. அதன் பெயர் ஹெஸ்பெரியோன். அவர்கள் போன பாதை நம் மலாக்கா வரைக்கும் வருகிறது என்பதால், அந்தக் கதையை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

நால்வர் தொடங்கிய குழு

1974ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். தலைவர் ஜோர்டி சவால். அவருடைய மனைவி மொன்செராட் ஃபிகேராஸ் பாடகி. லூட் எனப்படும் பழைய நரம்பு வாத்தியத்தை வாசித்தவர் அமெரிக்கரான ஹாப்கின்சன் ஸ்மித். குழலும் தாள வாத்தியங்களும் வாசித்தவர் லொரன்சோ அல்பர்ட்.

ஹெஸ்பெரியா என்பது மேற்குத் திசையில் இருந்த நாடுகளுக்குப் பழங்காலக் கிரேக்கர்கள் வைத்த பெயர். இத்தாலியும் ஸ்பெயினும் அதில் அடங்கும். அதிலிருந்துதான் குழுவின் பெயர் வந்தது. முதலில் 'ஹெஸ்பெரியோன் 20' என்றிருந்தது, நூற்றாண்டு மாறியதும் 'ஹெஸ்பெரியோன் 21' ஆனது.

ஜோர்டி 1941ஆம் ஆண்டு ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில், பார்சலோனாவுக்குப் பக்கத்தில் உள்ள இகுவலாடா என்ற ஊரில் பிறந்தவர். ஆறு வயதிலேயே சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார். பிறகு பார்சலோனா இசைக் கல்லூரியில் செலோ படித்தார்.

அவர் வளர்ந்த காலம் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக் காலம். கத்தலான் மக்களின் தாய்மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்ந்த பிள்ளை அவர். அடுப்படியிலும் தொட்டில் பக்கத்திலும் மட்டும் பிழைத்திருக்கும் மொழிக்கும் பாட்டுக்கும் என்ன மதிப்பு என்பதை அவருக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய இசை என்றால் என்ன?

ஐரோப்பாவில் 'பழைய இசை' என்று சொல்வது ஏறக்குறைய 1750க்கு முந்திய இசையை. மொசார்ட், பீத்தோவன் ஆகியோருக்கு முன்னால் அரண்மனையிலும் தேவாலயத்திலும் சந்தையிலும் ஒலித்த இசை அது. ஏடுகள் பல இருக்கின்றன. ஆனால் அந்த ஏடுகளைப் பார்த்தால் நமக்கே திகைப்பாக இருக்கும். பல பாட்டுகளில் மெட்டு மட்டும்தான் குறிக்கப்பட்டிருக்கும். எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும், எவ்வளவு வேகம், தாளம் யார் போடுவது, எங்கே இழுத்துப் பாடுவது என்று ஒன்றுமே இருக்காது.

எழுதியவர்கள் சோம்பேறிகள் அல்லர். அந்தக் காலத்துக் கலைஞர்களுக்கு அது தெரிந்த விஷயம், அதனால் எழுதவில்லை. நம் வீட்டுச் சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதுவது போலத்தான். எழுதியவருக்கு அளவு தெரியும். முந்நூறு ஆண்டு கழித்துப் படிப்பவருக்குத்தான் சிக்கல்.

வாத்தியங்களும் மறைந்துவிட்டன. ஜோர்டியின் கையில் இருக்கும் வயோலா ட காம்பாவே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காம்பா என்றால் இத்தாலிய மொழியில் கால். கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிப்பதால் அந்தப் பெயர். ஆறு அல்லது ஏழு தந்திகள். அவை இரும்புக் கம்பிகள் அல்ல, ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்தவை. கழுத்துப் பகுதியில் குறுக்கே கட்டுகள் இருக்கும். நம் வீணையில் மெட்டுகள் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். வில்லை வயலின்காரர் போல மேலிருந்து பிடிக்காமல், உள்ளங்கை மேல் நோக்கி இருக்கும்படி கீழிருந்து பிடிப்பார்கள். சத்தம் சிறியது, ஆனால் மனிதக் குரலுக்கு மிக நெருக்கமானது.

பெரிய அரங்குகள் வந்த பிறகு, பெரிய சத்தம் கொடுக்கும் செலோ இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காம்பா ஏறக்குறைய வழக்கொழிந்தது. 20ஆம் நூற்றாண்டில்தான் சிலர் அதைத் தேடி எடுத்தார்கள். அதற்கான முக்கியமான பள்ளி 1933ஆம் ஆண்டு பாசலில் தொடங்கிய ஸ்கோலா கன்டோரம். ஜோர்டி அங்கே ஔகுஸ்ட் வென்சிங்கர் என்ற ஆசிரியரிடம் படித்து, பின்னர் அவருடைய இடத்திலேயே ஆசிரியராகவும் ஆனார்.

பழைய வடிவத்தில் வாத்தியம் செய்வது, குடல் தந்தி கட்டுவது, அந்தக் காலத்து ஆசிரியர்கள் எழுதிய நூல்களைப் படித்து அவர்கள் சொன்ன முறையில் வாசிப்பது ஆகியவைதான் இந்தத் துறையின் அடிப்படை. 1553ஆம் ஆண்டு ரோம் நகரில் தியேகோ ஓர்திஸ் என்ற ஸ்பானியர் வெளியிட்ட நூல் அப்படிப்பட்ட ஒன்று. தெரிந்த ஒரு மெட்டை எடுத்து, அதை எப்படியெல்லாம் விரித்து வாசிக்கலாம் என்று அதில் பாடம் இருக்கிறது. நம் கச்சேரி மொழியில் சொன்னால் கற்பனை ஸ்வரத்துக்கு வழிகாட்டி. ஐரோப்பிய இசை என்றால் எழுதியதை அப்படியே வாசிப்பது என்று நாம் நினைக்கிறோம். பழைய காலத்தில் அங்கேயும் மனோதர்மம் இருந்தது.

ஏட்டில் இல்லாததைத் தேடிக் கிராமத்துக்கு

நூல்களும் ஏடுகளும் ஓர் எல்லை வரைதான் வரும். அதற்கு மேல் என்ன செய்வது? ஹெஸ்பெரியோன் குழு வேறுபடுவது இங்கேதான். ஏட்டில் இல்லாததை இன்னும் உயிரோடு இருக்கும் நாட்டுப்புற இசையிலும், வாய்வழி இசை மரபுகளிலும் தேடினார்கள்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் கஸ்தீலிய மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ தொகுத்த மாதாவின் பாடல்கள் நானூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அந்த ஏட்டின் ஓவியங்களில் இசைக் கலைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஐரோப்பிய உடையில் இருப்பவரும் உண்டு, அரபு உடையில் இருப்பவரும் உண்டு. ஸ்பெயினில் கிறிஸ்துவர், முஸ்லிம், யூதர் மூவரும் பல நூற்றாண்டுகள் ஒரே மண்ணில் வாழ்ந்தார்கள். ஐரோப்பாவின் லூட் வாத்தியமே அரபு ஊத் வாத்தியத்திலிருந்து பிறந்தது. ரெபெக் என்ற வில் வாத்தியம் அரபு ரெபாபிலிருந்து வந்தது.

ஐரோப்பாவில் லூட் வாசிப்பின் தொடர்ச்சி அறுந்துவிட்டது. மொராக்கோவில் ஊத் வாசிப்பு ஒரு நாளும் அறுந்ததில்லை. அப்படியானால் கேட்க வேண்டியது யாரை? மொராக்கோவின் ட்ரிஸ் எல் மாலூமி போன்ற ஊத் கலைஞர்களை ஜோர்டி அழைத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். துருக்கி, ஆர்மீனியா, ஆப்கானிஸ்தான் கலைஞர்களும் வந்தார்கள். ஏட்டைப் படிக்கத் தெரிந்தவரும் காதால் கேட்டே கற்றவரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தார்கள்.

மொன்செராட் மலை மடத்தின் 'சிவப்பு ஏடு' இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது. யாத்திரை வந்த பக்தர்கள் இரவில் கண் விழித்திருக்கும்போது பாடவும் ஆடவும் விரும்பினார்கள். கண்ட பாட்டையும் பாடாமல் இருக்க, மடத்திலேயே பத்துப் பாட்டுகளை எழுதி வைத்தார்கள். தைப்பூசத்துக்கு நடந்து போகும் நமக்கு இந்தக் காட்சி அந்நியமானது அல்ல. 1811ஆம் ஆண்டு நெப்போலியனின் படை அந்த மடத்தைக் கொளுத்தியது. இந்த ஏடு அப்போது பார்சலோனாவில் ஒருவரிடம் இரவலாக இருந்தது, அதனால் பிழைத்தது. இரவல் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கத் தாமதித்ததால் தப்பியது பத்துப் பாட்டு!

நாடு இழந்தவர்களின் பாட்டு

1492ஆம் ஆண்டு. கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே ஆண்டில்தான் ஸ்பெயினின் அரசரும் அரசியும் ஒரு கட்டளை போட்டார்கள். யூதர்கள் மதம் மாற வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். கொடுத்த அவகாசம் சில மாதங்கள்தான்.

போனவர்கள் மொராக்கோவிலும், துருக்கிய சுல்தான் ஆண்ட நகரங்களிலும் குடியேறினார்கள். செபார்டியர் என்று அவர்களைச் சொல்வார்கள். விட்டு வந்த வீட்டின் சாவியைச் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. சாவியோடு போனதோ இல்லையோ, மொழி கூடவே போனது. லடினோ என்ற அந்தப் பழைய ஸ்பானிய மொழியை இஸ்தான்புல்லிலும் சலோனிகாவிலும் நானூறு ஆண்டுக்கு மேல் பேசினார்கள். பாட்டுகளைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கல்யாண வீட்டில், பிள்ளைப்பேறு வீட்டில், தொட்டில் பக்கத்தில் அவற்றைப் பாடி வந்தார்கள்.

ஹெஸ்பெரியோன் குழு 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆரம்பகால இசைத்தட்டிலேயே ஸ்பெயினின் கிறிஸ்துவர் பாட்டும் யூதர் பாட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 1999ஆம் ஆண்டு செபார்டியர் பாடல்களுக்கென்றே ஒரு தொகுப்பு வந்தது. அதைப் பாடியவர் மொன்செராட் ஃபிகேராஸ். மேடை ஜாலம் இல்லாத குரல் அது. பக்கத்து அறையில் ஒரு தாய் பாடுவது போல இருக்கும். பல நாட்டுத் தாலாட்டுகளை மட்டும் சேர்த்து அவர் ஒரு தனித் தொகுப்பும் கொடுத்திருக்கிறார். 2011ஆம் ஆண்டு அவர் காலமானார்.

ஒரு பக்கம் மறைந்தது, மறுபக்கம் பிழைத்தது

போர்ச்சுகல் நாட்டுக் கிராமத்து ஆட்டம் ஒன்று ஃபோலியா. அந்தச் சொல்லுக்குப் பித்து என்று பொருள். திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு சுர வரிசைதான் அதன் அடித்தளம். மேலே கலைஞர் தம் கற்பனைக்கு ஏற்ப விரித்துக்கொண்டே போவார். கிராமத்து ஆட்டம் அரண்மனைக்கு ஏறி, ஐரோப்பா முழுவதும் பரவியது.

அதே இசை கப்பலேறி மெக்சிகோவுக்கும் போனது. அங்கே வெராகுரூஸ் கடலோரத்தில் பூர்வகுடி மக்கள், ஆப்பிரிக்க அடிமைகள், ஸ்பானியக் குடியேறிகள் ஆகியோரின் இசை கலந்து புதிய நாட்டுப்புற இசை பிறந்தது. அங்குள்ள ஹரானா என்ற சிறிய கித்தார், ஐரோப்பாவில் மறைந்துபோன பழைய கித்தாரின் பேரப்பிள்ளை. கையால் தட்டி மீட்டும் முறை இன்னும் அப்படியே இருக்கிறது. மெக்சிகோவின் தெம்பெம்பே என்ற குழுவோடு சேர்ந்து ஹெஸ்பெரியோன் 2010ஆம் ஆண்டு ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டது. அரண்மனை மறந்த வாசிப்பை மீனவர் குடியும் விவசாயக் குடியும் மறக்கவில்லை என்பதை அதில் காதாலேயே கேட்கலாம்.

மலாக்கா வரை வந்த பாதை

இனி நம் பக்கம் வருவோம். 2007ஆம் ஆண்டு ஜோர்டி வெளியிட்ட ஒரு தொகுப்புக்கு 'கிழக்கு நோக்கிய பாதை' என்று பொருள் தரும் பெயர். அது புனித பிரான்சிஸ் சவேரியாரின் பயணத்தை இசையால் சொல்வது. சவேரியார் 1542ஆம் ஆண்டு கோவா வந்தார். பிறகு தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக்குப் போய் மீனவ மக்களிடையே தங்கினார். அடிப்படை ஜெபங்களை அங்குள்ளோர் உதவியோடு தமிழில் பெயர்த்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, பாட்டாகவே சொல்லிக் கொடுத்தார். 1545ஆம் ஆண்டு மலாக்கா வந்து சேர்ந்தார். 1549இல் ஜப்பான் போனார். 1552இல் சீனக் கடலோரத் தீவு ஒன்றில் இறந்தார். அவருடைய உடல் 1553ஆம் ஆண்டு சில மாதங்கள் மலாக்கா மலையில் உள்ள புனித பவுல் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அந்த வெறும் குழியைப் பள்ளிச் சுற்றுலாவில் நம்மில் பலர் எட்டிப் பார்த்திருப்போம்.

அந்தத் தொகுப்பில் ஒரே லத்தீன் துதிப்பாட்டு வெவ்வேறு கைகளில் வெவ்வேறு உருவம் எடுக்கிறது. இந்தியக் கலைஞர்களும் ஜப்பானியக் கலைஞர்களும் அதைத் தத்தம் வாத்தியத்தில் வாசிக்கிறார்கள். மலாக்காவில் போர்த்துகீசியர் விட்டுப்போன இசைச் சுவடு இன்னும் இருக்கிறது. ஜோகெட் ஆட்டத்தில் வாசிக்கும் வயலினை மலாய் மொழியில் 'பியோலா' என்று சொல்வதே போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது.

அடிமை வணிகத்தைப் பற்றியும் இந்தக் கலைஞர்கள் ஒரு பெரிய படைப்பைச் செய்திருக்கிறார்கள். 1444 முதல் 1888 வரை, அதாவது போர்த்துகீசியர் ஆப்பிரிக்கர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து விற்றது தொடங்கி பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது வரையிலான காலத்தை அது சொல்கிறது. மாலி, மெக்சிகோ, பிரேசில் முதலிய நாடுகளின் கலைஞர்கள் அதில் பங்கேற்றார்கள். நமக்கு அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் தெரியும். பிரிட்டிஷ் பேரரசில் 1834இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, தோட்டங்களுக்கு ஆள் தேடித் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தார்கள். ஒப்பந்தக் கூலியாகவும் கங்காணி வழியாகவும் நம் முன்னோர் கப்பலேறினார்கள். அவர்கள் மூட்டையில் பெரிதாக ஒன்றும் இல்லை, பாட்டு இருந்தது.

இது உண்மையிலேயே பழசா?

இந்தக் குழுவின் வேலையை எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொள்வதில்லை. ஏட்டில் இல்லாத தாள வாத்தியத்தைச் சேர்ப்பது ஊகம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய மொராக்கோ வாசிப்பு எழுநூறு ஆண்டுக்கு முந்திய ஸ்பெயின் வாசிப்பாக எப்படி ஆகும், அதுவும் மாறித்தானே வந்திருக்கும் என்கிறார்கள். செபார்டியர் பாட்டுகளிலும் வரிகள் சில மிகப் பழையவை, மெட்டுகள் பல 19ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கேள்விகள் நியாயமானவை. வாய்வழி வரும் பாட்டு, பெட்டியில் பூட்டி வைத்த நகை போல மாறாமல் இருப்பதில்லை. ஒவ்வொருவரும் பாடும்போது கொஞ்சம் மாறும். ஆனால் ஏட்டை மட்டும் நம்புவதும் ஊகம்தான். தாளம் எழுதப்படவில்லை என்பதால் தாளமே இல்லை என்று முடிவு செய்வது இன்னும் பெரிய ஊகம். கேட்பவருக்கு எது ஏட்டில் உள்ளது, எது கலைஞர் சேர்த்தது என்று தெரிந்தால் போதும். ஜோர்டி 1998ஆம் ஆண்டு தொடங்கிய அலியா வோக்ஸ் நிறுவனத்தின் இசைத்தட்டுகளோடு தடித்த புத்தகமும் பல மொழிகளில் வருவது இதற்காகத்தான். பாட்டு எங்கே கிடைத்தது, யார் வாசிக்கிறார்கள், அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

2014ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசு தேசிய இசை விருதை அறிவித்தபோது, கலையை அரசு கைவிட்டுவிட்டது என்று சொல்லி ஜோர்டி அதை ஏற்க மறுத்தார். 30,000 யூரோ பரிசுத் தொகையும் வேண்டாம் என்றார். 2016இல் போருக்குப் பயந்து ஐரோப்பா வந்த அகதிக் கலைஞர்களைச் சேர்த்து 'ஓர்ஃபியஸ் 21' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் கலைஞர்கள் மேடையேறியதோடு, தங்கள் பாட்டுகளை அகதிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் அதில் வழி செய்தார்கள்.

நாம் செய்யக்கூடியது

நம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் வரிசையாக இருந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. கூடிப் பாட இடம் இல்லாததால் பாட்டும் குறைந்துவிட்டது. பாட்டு தெரிந்தவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

இதற்குப் பெரிய குழுவோ மானியமோ வேண்டியதில்லை. கைப்பேசி இருந்தால் போதும். வீட்டில் உள்ள பெரியவரிடம் அனுமதி கேட்டு, விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்யலாம். பாட்டுக்கு முன்னால் அவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார், எந்தச் சமயத்தில் பாடுவது, எந்த ஆண்டில் பதிவு செய்தோம் என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஐந்து விவரமும் இல்லாத பதிவு, இருபது ஆண்டு கழித்து யாருக்கும் பயன்படாது.

வரியில் கொச்சைச் சொல் வந்தால் திருத்தக்கூடாது. நமக்குப் புரியாத சொல்தான் பெரும்பாலும் மிகப் பழைய சொல்லாக இருக்கும். அக்காவும் தங்கையும் ஒரே பாட்டை வேறு வேறாகப் பாடினால் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். எது சரி என்று சண்டை போட வேண்டாம். பதிவின் படி ஒன்றை அந்தக் குடும்பத்துக்கும் கொடுத்துவிட வேண்டும்.

பதிவோடு நின்றுவிட்டால் அது ஏடு மட்டும்தான். மறுபாதி, பாடும் வாய். உருமி மேளம் அடிக்கும் இளைஞர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். பெரியவர் ஒருவரை அழைத்துப் பழைய அடிகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டால், அந்த அடி இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும். பேத்திக்கு ஒரு தாலாட்டு தெரிந்தால், அது அவள் பிள்ளைக்குப் போகும்.

ஹெஸ்பெரியோன் குழு ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய குரலைத் தேடி ஊர் ஊராகப் போனது. நாம் தேட வேண்டிய குரல் பலருக்கு இன்னும் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. இந்த வார விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, "பாட்டி, அந்தப் பாட்டை ஒரு தடவை பாடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.